ஐந்தே முக்கால் படகு

விர்ட்சு துறையில் ஜூன் மாதத்துக்கு இரவு கிடையாது.
பதினொன்றுக்கு மங்கும், மூன்றுக்கு வெளுக்கும்.
நடுவில் கிடப்பது
மாலை சாப்பிட்டு வைத்த மிச்சம்.
அந்த மிச்சத்தில்
சர்வரின் பதிவேட்டைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறேன்,
ஆறிய காபி, பாதிக் கம்புரொட்டி.

போன வருஷம்வரை எங்கள் நிரல்
ஒவ்வொரு டிக்கெட்டுக்கும்
தரவுத்தளத்தின் கதவைப் புதிதாகத் தட்டியது.
யார் நீ, கடவுச்சொல் என்ன, சரி உள்ளே வா,
ஒரு கேள்வி, ஒரு பதில்,
போய் வா, கதவைச் சாத்து.
அடுத்த ஆளுக்கு மறுபடியும் யார் நீ.
பயணிக்கு ஒரு கப்பல் கட்டி
அக்கரை சேர்ந்ததும் உடைத்துப்போட்டுக்கொண்டிருந்தோம்.

யானி விழாவுக்கு முந்தின மாலை
தாலின் நகரம் மொத்தமும் தீவுக்குக் கிளம்பியது.
நூறாவது கதவோடு தரவுத்தளம் கையை விரித்தது.
நெடுஞ்சாலையில் நாலு கிலோமீட்டர் கார்கள்.
பீர் சூடாகியது.
யாரோ ஒருவருடைய ஆட்டுக்குட்டி பின்சீட்டில் கத்திக்கொண்டே இருந்தது.
சீட்டறையில் ஒன்னெலா
கார்பன் தாள் வைத்துக் கையால் எழுதித் தள்ளினாள்.
இரண்டு நாள் என்னோடு பேசவில்லை,
மூன்றாம் நாள் பேசியதை இங்கே எழுத முடியாது.

இந்த வருஷம் கனெக்‌ஷன் பூல்.
குளம் என்று பெயர், சொட்டுத் தண்ணீர் இல்லை.
இருபது இணைப்புகள்,
அதில் ஐந்து எப்போதும் விழித்திருக்கும்.
கேட்டவர் பத்து விநாடி காத்திருக்கலாம்,
அதற்குமேல் மன்னிக்கவும்.
எக்ஸ்எம்எல் கோப்பில் ஒன்பது வரி.
இத்தனை ஜனத்துக்கு இருபதா என்றார் மேலாளர் ரைவோ.
ஜன்னலைக் காட்டினேன்.
வெளியே இருந்தவை இரண்டே கப்பல்கள்.
"அதுதான் திரும்பி வருகிறதே" என்றார்.
அதேதான் ரைவோ.

திரும்பி வராதவற்றைத் தேடியே மே மாதம் போயிற்று.
ரத்தான டிக்கெட் ஒவ்வொன்றும்
கடன் வாங்கிய இணைப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு
பிழையின் பின்வாசல் வழியே நழுவியது.
இருபதும் ஒழுகித் தீர
ஒரு திங்கட்கிழமை போதுமாக இருந்தது.
'மூடு' என்ற ஒற்றைச் சொல்லை
எது நடந்தாலும் நடக்கும் இடத்தில் வைக்காமல்
எல்லாம் நன்றாக நடந்தால் மட்டும் நடக்கும் இடத்தில்
எழுதியிருந்தார்கள்.
எந்த மடையன் என்று பெயரைத் தேடினேன்.
என் பெயர்.
ஒன்பது வருஷம் முந்தைய நான்,
இந்த உலகத்தில் எதுவும் ரத்தாகாது என்று நம்பியவள்.

(பூலில் மூடு என்றால் மூடுவதில்லை.
திருப்பிக் கொடு என்று பொருள்.
ஒரே சொல்தான், அடியில் அர்த்தம் மாறியிருக்கிறது.)

எல்லாம் சரியான பிறகும்
ஐந்தே முக்கால் படகின் முதல் டிக்கெட் மட்டும் விழவில்லை.
முதல் ஆள் தினமும் ஹெய்னோ,
காலி டேங்கோடு போய்ப் பாலோடு திரும்புகிறவர்.
"என் மூஞ்சி உன் மெஷினுக்குப் பிடிக்கவில்லை" என்கிறார்.

ஆகவே இந்த மிச்ச இரவு.
பன்னிரண்டே காலுக்குக் கடைசி டிக்கெட்.
பிறகு ஒன்றுமில்லை.
ஒன்றேகாலுக்கு, இடையில் நிற்கும் ஃபயர்வால்
ஒரு மணி நேரமாக வாய் திறக்காத இணைப்புகளை
ஒவ்வொன்றாக அறுக்கிறது.
இந்த முனைக்கும் சொல்லவில்லை, அந்த முனைக்கும் சொல்லவில்லை.
நம் பக்கம் கயிறு நம் கையிலேயே இருக்கிறது.
இழுத்துப் பார்க்கும்வரை
அது கயிறுதான்.

ஒரு வரி சேர்த்தேன்.
யாருக்கும் கொடுக்குமுன் அதனிடம் கேள்:
செலக்ட் ஒன்று.
ஒன்று என்று சொன்னால் உயிர் இருக்கிறது.
சொல்லாவிட்டால் தூக்கிப்போடு, வேறு திற.
எந்த அட்டவணையிலும் இல்லாத கேள்வி,
யாருக்கும் பயன்படாத பதில்.
அதற்கு முக்கால் மில்லிவிநாடி செலவு என்று
ரைவோ நாளை கணக்குக் காட்டுவார்.

ஐந்து இருபத்தெட்டு.
டேங்கர் வந்து நிற்கிறது.
அச்சுப்பொறி இருமி, துப்புகிறது ஒரு சீட்டை.
ஹெய்னோ கவனிக்கவில்லை,
அக்கரையில் மழையா என்று கேட்கிறார்.
ஒன்னெலா கவனித்தாள்.
மேசைமேல் தயாராக வைத்திருந்த கார்பன் புத்தகத்தை எடுத்தாள்,
குப்பைக்கூடையைப் பார்த்தாள்,
கீழ் இழுப்பறையில் வைத்தாள்.
பூட்டவில்லை.